சிங்கம் கண்ணில் படாத நாள்

2025 அக்டோபர் முதல் வாரத்தில் டீக்கடை தொடங்கி மின்சார ரயில் வரை ஒரே பேச்சு: வண்டலூரில் சிங்கத்தைக் காணோம்! அங்குள்ள உயிரியல் பூங்காவின் சிங்க உலாவிடத்தில் புதிதாகத் திறந்துவிடப்பட்ட இளம் ஆண் சிங்கம் ஒன்று, பொழுது சாய்ந்ததும் இரவுக் கூண்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஊழியர்கள் அணி அணியாகப் பிரிந்து தேடினார்கள். ட்ரோன்கள் பறந்தன. தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. சிங்கம் வேலிக்குள்தான் இருக்கிறது, வெளியேற வழியில்லை என்று பூங்கா நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஓரிரு நாள் கழித்து அது தானாகவே நடந்து வந்து சேர்ந்தது. யாரும் மயக்க ஊசி போடவில்லை, வலை வீசவில்லை.

அந்த உலாவிடத்தின் பரப்பு சுமார் 50 ஏக்கர். மரமும் புதரும் மேடும் பள்ளமுமான இடம். அதற்குள் ஒரு சிங்கம், அத்தனை பேர் தேடியும் அகப்படாமல் இருக்க முடிந்தது என்ற செய்தியை எல்லோரும் குறையாகப் படித்தார்கள். எனக்கு அது அந்த இடத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழாகப் பட்டது. தமிழ்நாட்டில் கூண்டிலிருக்கும் எத்தனை விலங்குகளுக்கு, மனிதக் கண்ணில் படாமல் அரை மணி நேரம் இருக்கும் வசதி வாய்த்திருக்கிறது?

உயிரியல் பூங்காக்களை எப்படி மேம்படுத்தலாம் என்று பார்வையாளர்களைக் கேட்டால் வரும் பதில்கள் அநேகமாக ஒரே ரகம். விலங்குகள் தெரிவதில்லை, தெரிந்தாலும் தூங்குகின்றன, தூரத்தில் இருக்கின்றன, கம்பிவலை படத்தில் விழுகிறது. அவர்களைக் குறைசொல்லப் பயனில்லை. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி, கைக்குழந்தையும் புளிசோற்று டப்பாவுமாக வந்து, வெயிலில் கால் கடுக்க நடந்து, கடைசியில் புலி இருக்கும் இடத்தில் புல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். டிக்கெட் வாங்கியிருக்கிறார். அவர் கேட்பது நியாயமே. ஆனால் அவர் கேட்டதையெல்லாம் கொடுத்தால் அந்தப் புலி என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கக் கான்கிரீட்டில் சாட்சி நிற்கிறது.

லண்டன் உயிரியல் பூங்காவில் 1934-ல் ஒரு பெங்குவின் குளம் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் பெர்தோல்ட் லுபெட்கின். அவருக்குத் துணைநின்ற பொறியாளர் ஓவ் ஆரப். முட்டை வடிவ வெள்ளைச் சுவர், நடுவே ஒன்றையொன்று தழுவிச் செல்லும் இரண்டு மெல்லிய சறுக்குப் பாதைகள். தாங்கு தூண் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் மிதப்பதுபோல் நிற்பவை. பெங்குவின்கள் அதில் வரிசையாகத் தத்தித் தத்தி இறங்கிவரும்போது கூட்டம் கைதட்டியது. நவீனக் கட்டடக்கலைப் பாடநூல்களில் அந்தப் படம் இல்லாமல் இருக்காது. குறை ஒன்றுதான்: அது பார்க்கிறவர்களுக்காகக் கட்டப்பட்ட மேடை. கரடுமுரடான கான்கிரீட்டில் நடந்து நடந்து பறவைகளின் பாதங்களில் புண் வந்தது. 2004-ல் பெங்குவின்களை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றினார்கள். கட்டடமோ முதல் தரப் பாரம்பரியச் சின்னம், இடிக்க முடியாது. இன்றும் காலியாக நிற்கிறது. இதை இடித்தே விடலாமே என்று சொன்னவர்களில் லுபெட்கினின் மகளும் ஒருவர்.

நம் ஊரில் கட்டடக்கலைப் பெருமை இல்லாமலேயே இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறோம். சென்னைவாசிகள் ஒரு காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் மூலவர் ஒருவரே. அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் அலைமோதுகிறது என்று கண்டு, 1855-ல் அங்கேயே மிருகங்களை வைக்கத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்மாறியது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் பேரம்பேசி வாங்கிவிட்டு அப்படியே சிங்கத்தையும் எட்டிப்பார்த்துவிட்டு வந்த தலைமுறை இன்னமும் இருக்கிறது. நகரத்தின் நட்டநடுவில், ரயில் சத்தத்துக்கும் சந்தை இரைச்சலுக்கும் இடையில், கம்பிக்குப் பின்னால் ஒரு புலி. அதைத்தான் நூறாண்டுக்கும் மேல் ‘காட்சி’ என்று நினைத்திருந்தோம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 24-ல் வண்டலூர் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,500 ஏக்கர். கம்பிக்குப் பதில் அகழி, சிமென்ட் தரைக்குப் பதில் மண். அந்த இடமாற்றம் நம் ஊர் விலங்குகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனாலும் பார்வையாளர் என்ற நாம் இன்னும் பீப்பிள்ஸ் பார்க்கிலேயே நிற்கிறோம் என்பது என் சந்தேகம்.

அகழி வைக்கும் யோசனைக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரையொட்டி 1907-ல் கம்பியில்லாத பூங்காவைத் திறந்தவர் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி. ஒவ்வொரு விலங்கும் எத்தனை அடி தாண்டும் என்று அளந்து, அதற்கேற்ப அகழி வெட்டி, செயற்கைப் பாறை அமைத்து, மான் மேயும் புல்வெளிக்குப் பின்னால் சிங்கம் உலவுவதுபோல் கண்கட்டு வித்தை செய்தார். இதே மனிதர்தான் அதற்கு முன்பு 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு சேர்த்து மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் வேடிக்கைப் பொருளாக நிறுத்தியவர். அவருடைய தம்பி முறையான ஜான் ஹாகன்பெக் கொழும்பில் சேர்த்துவைத்த விலங்குத் தொகுப்பிலிருந்துதான் தெஹிவளை மிருகக்காட்சிசாலை பிறந்தது. 1936-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. கம்பியை எடுத்தவரும் மனிதனைக் காட்சிக்கு வைத்தவரும் ஒருவரே என்பதில் எனக்கு வியப்பு ஏதுமில்லை. அவருடைய அகழி விலங்குக்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் எதற்காகக் கொடுத்தது? காட்சி தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக.

விலங்கின் பக்கத்திலிருந்து இந்தக் கணக்கைப் போட்டவர் ஹைனி ஹெடிகர். சுவிட்சர்லாந்தில் பெர்ன், பாசல், சூரிச் என மூன்று பூங்காக்களின் பொறுப்பில் இருந்தவர். 1942-ல் அவர் எழுதிய நூலில் எளிமையான கருத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு ‘ஓடும் தூரம்’ இருக்கிறது. ஆபத்து அந்த எல்லைக்குள் வந்தால் அது ஓடியாக வேண்டும். ஓட இடமில்லாத விலங்குக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முற்றுகைதான். தெருநாயிடம் இதை நாம் தினமும் பார்க்கிறோம். பத்தடி தள்ளி நின்றால் படுத்தே இருக்கும். எட்டடிக்குப் போனால் எழுந்துவிடும். சுவர் மூலையில் மாட்டிக்கொண்டால் கடிக்கும். நாய்க்குத் தெரு இருக்கிறது. கூண்டுச் சிறுத்தைக்கு மூலை மட்டும்தான்.

ஓட முடியாத விலங்கு நடக்கிறது. ஒரே தடத்தில், ஒரே எண்ணிக்கையில், ஒரே இடத்தில் தலையைத் திருப்பி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கஸ் என்ற பனிக்கரடி 1990-களில் மணிக்கணக்காக எட்டு போட்டு நீந்திக்கொண்டிருந்தது. நகரமே அதைப் பார்த்துச் சிரித்தது, பிறகு கவலைப்பட்டது. விலங்கு உளவியலாளரை வரவழைத்தார்கள். ஐஸ்கட்டிக்குள் மீனை ஒளித்துவைத்தார்கள், தேடி எடுக்கப் பொருள்கள் போட்டார்கள். எட்டு குறைந்தது, ஒழியவில்லை. 2013-ல் அது இறந்தது. 2003-ல் ‘நேச்சர்’ இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஊனுண்ணி இனங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது இதற்குப் பொருந்தும்: காட்டில் எந்த விலங்கு அதிகப் பரப்பில் அலைகிறதோ, அதுதான் கூண்டில் அதிகமாக இப்படி நடக்கிறது, அதன் குட்டிகளே அதிகம் சாகின்றன. சோம்பேறித்தனமான இனம் என்றால் சமாளித்துக்கொள்கிறது. பனிக்கரடியால் முடிவதில்லை.

நம் ஊரில் இதை வேறு பெயரில் அறிவோம். சங்கிலியில் நிற்கும் யானை இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்து, ‘பாரு, டான்ஸ் ஆடுது’ என்று குழந்தைக்குக் காட்டாத அப்பா அம்மா உண்டா? நானும் காட்டியிருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. யானைகள் உயிரியல் பூங்காவில் இருக்க வேண்டியவை அல்ல, முகாம்களுக்கு மாற்றுங்கள் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே உத்தரவிட்டது. ஆனாலும் டெல்லியில் ஆப்பிரிக்க யானை சங்கர் தங்கிவிட்டது. 1990-களில் ஜிம்பாப்வே அன்பளிப்பாகத் தந்த குட்டி. உடன் வந்த துணை இறந்த பிறகு இருபது ஆண்டுக்கும் மேல் தன் இனத்தில் ஒன்றையும் பார்க்காமல் வாழ்ந்தது. பள்ளி மாணவி ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024-ல் உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் டெல்லி பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் சங்கர் செத்துப்போனது, தனியாகவே. நாட்டுக்கு நாடு யானையைப் பரிசாகக் கொடுக்கும் தலைவர்கள் ஒரு யானையைக் கொடுப்பது, பத்துப் பேர் வாழும் கூட்டுக் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் தூக்கிக் கொடுப்பதைப் போல. இது பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே விடுகிறேன்.

பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். உயிரியல் பூங்காச் செய்தி என்றால் நாலே வகை: பிறந்தது, செத்தது, தப்பியது, தர்பூசணி தின்றது. மே மாதம் பிறந்தால் கரடிக்கு ஐஸ், குரங்குக்கு மோர் என்று ஒரு படம் வராமல் அக்னி நட்சத்திரம் கழிவதில்லை. குட்டி பிறந்தால் பெயர்சூட்டு விழா. 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கமும், அடுத்த சில நாட்களில் ஓர் ஆண் சிங்கமும் கரோனா தொற்றோடு இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மற்ற நாளெல்லாம் அந்தச் சிங்கங்கள் எப்படி இருந்தன, எவ்வளவு நடந்தன, எங்கே படுத்தன என்று நாங்கள் கேட்டதில்லை. அன்றாடம் செய்தியாவதில்லை. ஆனால் கூண்டு என்பதே அன்றாடம்தான்.

செய்தி பெரிதானால் அதுவும் ஆபத்து. தாய்லாந்தின் காவ் கீயோ பூங்காவில் 2024 ஜூலையில் பிறந்த மூ டெங் என்ற குட்டை நீர்யானைக் குட்டியை ஞாபகம் இருக்கும். வழுவழுவென்று, எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும் அந்தக் குட்டியின் வீடியோக்கள் உலகைச் சுற்றின. கூட்டம் திரண்டது. குட்டி தூங்கினால் விடுவார்களா? எழுப்புவதற்காகத் தண்ணீரை வீசினார்கள், சிப்பியை எறிந்தார்கள். கடைசியில் பூங்கா இயக்குநர் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்து, கேமரா வைத்து, வாரயிறுதியில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் என்று வரிசை கட்டினார். குழந்தை நீர்யானை பகலில் தூங்கும். அதற்கு வேறு வேலை இல்லை. அந்தத் தூக்கம் நமக்கு ஏமாற்றம்.

தாய்லாந்தைப் பார்த்து நாம் நெற்றியைச் சுருக்க வேண்டியதில்லை. நான் போன ஒரு பூங்காவில் (ஊர் வேண்டாம்) முதலைக் குளத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நின்றேன். அதற்குள் நாலு பேர் கல் எறிந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: ‘உயிரோட இருக்கா, பொம்மையா?’ நாலாவது ஆள் தன் பையனிடம் கல்லைக் கொடுத்து எறியச் சொன்னார். முதலை அசையவில்லை. அது அசையாமல் கிடந்தே இரையைப் பிடிக்கும் பிராணி. பொறுமையே அதற்குப் பிழைப்பு. இதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. பலகை இருந்தது, அதில் பெயர், அறிவியல் பெயர், உணவு, ஆயுள். முதலை ஏன் அசையவில்லை என்ற ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. கல்லுக்குப் பாதிப் பொறுப்பு அந்தப் பலகையுடையது.

ஆகவே பார்வையாளர் கருத்தே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இனுக்கா என்று ஒரு பனிக்கரடி. 1990-ல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பிறந்த துருவக் கரடி! 2004-ல் அதற்கும் அதன் தாய்க்கும் உடம்பு பச்சையாகிவிட்டது. பனிக்கரடியின் முடி உள்ளே துளையுள்ளது. அந்தத் துளைக்குள் பாசி படிந்துவிட்டது. வெப்ப நாட்டில் இந்தக் கரடிகளுக்கு என்ன வேலை என்று விலங்கு நல ஆர்வலர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் துருவ விலங்குகளைக் கொண்டுவருவதில்லை என்று 2006-ல் பூங்கா முடிவெடுத்தது. இனுக்கா வயதான காரணத்தால் அங்கேயே இருந்தது. பிற்காலத்தில் அதற்குக் குளிரூட்டிய பெரிய இருப்பிடம் கட்டிக்கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில், 27 வயதில் அதன் கதை முடிந்தது. அதோடு சிங்கப்பூரில் பனிக்கரடியும் முடிந்தது. கூட்டம் சேர்க்கும் விலங்கு ஒன்றை ஒரு பூங்கா தானாகவே வேண்டாம் என்று சொன்னது, வெளியிலிருந்து கேள்விகள் எழுந்த பிறகு.

அதே காலத்தில் மும்பை நேர் எதிர்த் திசையில் நடந்தது. பைகுலா பூங்காவுக்கு 2016-ல் எட்டு ஹம்போல்ட் பெங்குவின்கள் வந்திறங்கின. சில மாதங்களில் ஒன்று இறந்தது. சர்ச்சைகள் எழுந்தன. 2017 மார்ச்சில் குளிரறை திறந்ததும் மக்கள் வெள்ளம். இங்கே பார்வையாளர் கருத்து டிக்கெட் கவுன்ட்டரில் பதிவானது. எந்தக் கருத்தேட்டைவிடவும் அந்த ஏட்டைத்தான் நிர்வாகிகள் கவனமாகப் படிக்கிறார்கள்.

வெள்ளைப் புலி விஷயமும் இதுதான். குழந்தைகள் முதலில் கேட்பதே ‘வெள்ளப் புலி எங்க?’ என்றுதான். இன்று பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளின் வம்சம் பெரும்பாலும் 1951-ல் ரேவா காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஒரே குட்டியில் போய் முடிகிறது. வெள்ளை நிறம் விடாமல் இருக்க அப்பனோடு மகளையும், அண்ணனோடு தங்கையையும் சேர்த்தார்கள். விளைவு மாறுகண், பலவகைப் பிறவிக் குறைகள். காட்டுக்கு அந்த விலங்கால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் இந்த இனப்பெருக்கத்தைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. நம் குழந்தை ‘வெள்ளப் புலி எங்க?’ என்று கேட்கும்போது, இந்தக் கதையைச் சொல்லும் பலகை பக்கத்தில் இருந்தால் அடுத்த கேள்வி வேறாக இருக்கும்.

இடம் இல்லை என்றால் மூடுவது நேர்மை. கோவை வ.உ.சி. பூங்காவில் நகரத்தின் நடுவே சில ஏக்கரில் விலங்குகளை வைத்திருந்தார்கள். கோவைக்காரர்கள் பலருக்கு அது பால்ய நினைவு. 2022-ல் மத்திய ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விலங்குகள் படிப்படியாக வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டன. மான்கள் சிறுவாணிப் பக்கம் காட்டுக்கே போயின. வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான் வருத்தப்படவில்லை. சுவிஸ் தலைநகர் பெர்னில் நகரச் சின்னமே கரடி. 1857 முதல் ஒரு கல்குழிக்குள் கரடிகளை வைத்து மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே ஆற்றங்கரைச் சரிவைக் கரடிகளுக்குத் திறந்துவிட்டார்கள். சரிவில் மரம், கீழே ஆற்று நீர். குழி இருந்தபோது கரடி எப்போதும் தெரிந்தது. இப்போது தேட வேண்டும்.

தேட வேண்டும் என்பதில்தான் என் வாதம் முழுக்க இருக்கிறது. நல்ல இருப்பிடம் என்றால், விலங்கு விரும்பினால் நம் கண்ணிலிருந்து விலக முடிகிற இடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அப்படியானால் பூங்காவை மேம்படுத்தும் செலவில் பெரும்பங்கு எங்கே போக வேண்டும்? விலங்கைப் பக்கத்தில் கொண்டுவருவதற்கல்ல. மனிதரைக் காத்திருக்க வைப்பதற்கு. இதை நம் பூங்காக்கள் தலைகீழாகச் செய்கின்றன என்பேன். புலி இருப்பிடத்தில் நிழல் இருக்கும், பார்க்கிற இடத்தில் இருக்காது. உட்காரப் பெஞ்சு இருந்தால் அது ஐஸ்கிரீம் கடைக்கு எதிரே இருக்கும். நின்றபடி இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமில்ல, வா’ என்று இழுத்துக்கொண்டு நடக்கத்தான் அந்தப் பாதை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூரை, ஒரு பெஞ்சு, குடிநீர்க் குழாய், பாட்டிக்கும் கால் நீட்ட இடம். இவை இருந்தால் அந்தக் குடும்பம் இருபது நிமிடம் உட்காரும். இருபது நிமிடத்தில் எந்த விலங்கும் ஏதாவது செய்யும்.

அடைப்பைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நிற்கும் வழக்கத்தையும் விட வேண்டும். பார்க்கும் இடம் ஒன்றோ இரண்டோ போதும். மற்ற பக்கமெல்லாம் மூங்கிலும் புதரும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வுட்லேண்ட் பார்க் பூங்கா 1979-ல் கொரில்லாக்களை உண்மையான மரஞ்செடிகளுக்கு நடுவே விட்டபோது, செடிகளை ஒரே வாரத்தில் பிடுங்கிப்போட்டுவிடும் என்று நிபுணர்களே பயமுறுத்தினார்களாம். காடு தழைத்தது. அந்த வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜான் கோ சொல்லிவந்த ஒரு யோசனை நம் ஊருக்கு உடனே எடுத்துக்கொள்ளத் தக்கது: விலங்கு பார்வையாளரைவிட உயரத்தில் இருக்கட்டும். குழிக்குள் கிடக்கும் கரடியைப் பார்த்தால் எறியத் தோன்றும். தலைக்கு மேலே பாறையில் படுத்திருக்கும் சிறுத்தையைப் பார்த்தால் குரல் தானாகத் தாழும். மேட்டில் சாமியை வைத்து நம்மைப் படியேற விடுகிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது.

பிறகு கீப்பர்கள். எந்தக் கரடி எந்த நேரத்தில் எழும், எந்தக் குரங்குக்கு எந்தக் குரங்கு ஆகாது, எது சாப்பிடாமல் அடம்பிடித்தது என்று அத்தனையும் தெரிந்தவர் அவர்தான். பார்வையாளர் பார்வையில் அவர் பக்கெட்டும் விளக்குமாறுமாகப் போகும் ஒரு காக்கிச்சட்டை. நாளுக்கு இரண்டு தடவை, கால் மணி நேரம், அவர் தன் விலங்கைப் பற்றித் தன் பேச்சுத் தமிழில் சொல்லட்டும். மைக் வேண்டாம். அதற்கு நிர்வாகம் தனியாக ஒரு படி கொடுக்கட்டும். கருத்துக் கேட்பு என்று தாளை நீட்டும்போதும் கேள்வியை மாற்றலாம். ‘விலங்குகள் நன்றாகத் தெரிந்தனவா?’ என்று கேட்டால் தெரியவில்லை என்றுதான் பதில் வரும். ‘ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடந்த விலங்கைப் பார்த்தீர்களா? எது, எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். வருகிற ஆயிரக்கணக்கானோரும் கண்காணிப்பாளர்களாகிவிடுவார்கள். அந்தப் பதில்களைச் சேர்த்துப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள்.

இதெல்லாம் எதற்கு, பூங்காவையே மூடிவிடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. டார்ஜிலிங் பூங்காவில் பிறந்த சிவப்புப் பாண்டாக்கள் 2003-ல் சிங்கலிலா காட்டில் விடப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குகள் வண்டலூரில் இனம் பெருக்குகின்றன. சர்க்கஸிலிருந்து மீட்ட விலங்குக்குப் போக வேறிடம் கிடையாது. இந்த வேலைகள் நடக்கிற வரை பூங்காக்கள் இருக்கட்டும். எல்லாப் பூங்காவும் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளருக்கு மூடியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வண்டலூருக்குச் செவ்வாய். அன்றைக்கு அந்த விலங்குகள் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. நான் போனால் அது செவ்வாயாக இருக்காது என்பதும் தெரிகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பூங்காவில் சிறுத்தை இருப்பிடத்தின் முன் நின்றிருந்தேன். மரம், பாறை, உயரமான புல். பதினைந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற குடும்பம் சலித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. வேலியோரம் குழாய்த் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்த கீப்பரிடம், ‘உள்ள விட்ருக்கீங்களா, கூண்டுலயே இருக்கா?’ என்று கேட்டேன். அவர் குழாயை மூடவில்லை, கையையும் நீட்டவில்லை. தாடையால் மட்டும் பாறையின் இடது ஓரத்தைக் காட்டினார். ‘நீங்க வந்ததுலேர்ந்து அது உங்களத்தான் சார் பாத்துட்டிருக்கு.’

வால் நுனியைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் பிடித்தது.